பொடி போடாத நாற்பத்தெட்டு நாள்

அன்றைக்கு இந்த மெஸ்ஸில் இருந்தவர்கள் ஒன்பது பேர், மேடம். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். பிற்பாடு யாராவது வந்து பத்துப் பேர் இருந்தோம், பதினைந்து பேர் பார்த்தோம் என்று அளப்பார்கள். ஒன்பதுதான். வரிசையாகச் சொல்கிறேன்.

சங்கரராஜா. மில்லில் ஸ்பின்னிங் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் பெரிது. ஒன்று. ஞானதிரவியம், தபால்காரர், அவரும் ஓய்வுதான். இரண்டு. தையல்கடை காஜா மைதீன், மூன்று. பத்திரம் எழுதுகிற நமச்சிவாயம், நான்கு. மாவு மில் வைத்திருக்கிற ராமர், லட்சுமணன். இரட்டைப் பிள்ளைகள். பார்க்க ஒன்றுபோல இருக்கிறார்கள் என்று ஒரு ஆளாக எண்ணிவிடக் கூடாது. ஐந்து, ஆறு. பிறகு உலகம்மாள், இந்த மெஸ்ஸுக்குச் சொந்தக்காரி, அந்தா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். ஏழு. பரிமாறுகிற பேச்சி, எட்டு. ஒன்பதாவது நான், தலைமலை. தன்னைக் கடைசியில் சொல்வதுதான் முறை.

பங்குனி எட்டு, ஞாயிற்றுக்கிழமை. மதியம் ஒரு மணி பத்து நிமிடம்.

நான் சுவரைப் பார்த்துப் பேசுகிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உணவு ஆபீசர் வருவார் என்றுதான் எதிர்பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை வருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆண்பிள்ளை வந்திருந்தாலும் சுவரைத்தான் பார்த்திருப்பேன், அது வேறு விஷயம். எனக்குப் பேச்சு வராது. மில்லில் முப்பத்து மூன்று வருஷம் பேக்கிங்கில் இருந்தேன். மூட்டைக்கு முப்பது நூல் கோன். எண்ணிப் போட்டுத் தைத்து அனுப்பவேண்டும். அதற்குப் பேச்சு எதற்கு? எண்ணிக்கை தப்பினால் மட்டும் வாயைத் திறப்பேன். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான்.

மனு போட்டது நான்தான். ஏழு பக்கம். மொட்டைக் கடிதாசி போடுகிற ஆள் இல்லை, ஏழு பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறது, பாருங்கள். இந்த மனுவில் நான் உறுதியாக நின்றால் குழம்பையும் பொடியையும் மாதிரி எடுத்து அனுப்பி, முடிவு வருகிறவரை இங்கே அடுப்பு எரியக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டவேண்டியிருக்கும், ஐந்தாறு வாரம் ஆகும் என்று சொல்கிறீர்கள். ஆகட்டும். அதற்குள் இவள் மெஸ் என்ன ஆகும் என்று என்னைக் கேட்கிறீர்கள். மூளையைவிட மெஸ் பெரிதா? எனக்கும் வேறு சாப்பாட்டுக்கு இடம் கிடையாது, மேடம். பல் இல்லாதவனுக்கு எந்த ஓட்டலில் சோறு குழைய வடிப்பான்? இவள் எனக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டியில் குழைய வடித்து வைப்பாள். நான் கேட்டதில்லை. அவளாகவே செய்கிறாள். ஏன் செய்கிறாள் என்று அந்தச் சட்டியையும் ஒருநாள் முகர்ந்து பார்த்தேன்.

அந்த வெள்ளைப் பொடியை முதன்முதலில் ராஜாவின் செல்போனில்தான் பார்த்தேன். ஒரு டாக்டர் பேசினார். டாக்டர்தானா என்பது எனக்குத் தெரியாது, கழுத்தில் குழாய் இருந்தது. உப்பு மாதிரி, சீனி மாதிரி ஒரு பொடி, குழம்பில் ஒரு சிட்டிகை போட்டால் நாக்கு ஆடும், ஆனால் மூளைக்குள் போய் ஒவ்வொரு செல்லாகத் தட்டி எழுப்பி ஓடவிட்டு ஓடவிட்டுச் சாகடிக்கும், பிறகு மனுஷனுக்கு மறதி வரும் என்றார். ராஜா அதைப் பார்த்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். சிரித்துவிட்டு, "உலகு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து" என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கு ஆரம்பித்துவிட்டது என்று.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். இங்கிலீஷ் வராது. ஆனால் எண் வரும். பாக்கெட்டுக்குப் பின்னால் பொடி எழுத்தில் எண் போட்டிருக்கிறான் பாருங்கள், அது எனக்குப் போதும். நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன். நூற்று இரண்டு மஞ்சள். நூற்றுப் பத்து ஆரஞ்சு. நூற்று இருபத்திரண்டு சிவப்பு. நூற்று முப்பத்து மூன்று நீலம். இருநூற்றுப் பதினொன்று கெடாமல் இருப்பதற்கு. அறுநூற்று இருபத்தொன்று அந்தப் பொடி. இந்த ஊரில் படித்தவன் எத்தனை பேர் இருக்கிறான், ஒருத்தனாவது பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறானா? பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிறான். பிள்ளை நாக்கை நீட்டினால் கோயில் சுவர் மாதிரி இருக்கிறது, அதைப் போட்டோ எடுக்கிறான்.

நீங்களும் படித்தவர்தான். அந்தப் பொடியில் இருக்கிற சத்து தக்காளியிலும் காளானிலும் தானாகவே இருக்கிறது, அளவோடு போட்டால் மறதி வரும் என்பதற்கு இதுவரை நிரூபணம் இல்லை, சிலருக்குத் தலைவலிக்கலாம், வேண்டாதவர்கள் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று வந்ததும் சொன்னீர்கள். கேட்டுக்கொண்டேன். தக்காளிக்குப் பின்னால் எவனாவது அறுநூற்று இருபத்தொன்று என்று எழுதியிருக்கிறானா? நிரூபணம் இல்லை என்கிறீர்கள். நிரூபணம் என்னிடம் இருக்கிறது. இந்த நோட்டு. அறுபத்தொன்று மறதி, தேதியோடு, ஆளோடு. மார்கழி ஒன்றாம் தேதி ஆரம்பித்தேன்.

முதல் மறதி ராஜாவுடையது. பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து இங்கேதான் கொடுத்தார். ஞானதிரவியத்துக்கு, காஜாவுக்கு, நமச்சிவாயத்துக்கு, மாவு மில் இரண்டு பேருக்கும் தனித்தனியாக. உலகம்மாளுக்கும் பேச்சிக்கும் கூட. அந்த மூலையில் நான் இருக்கிறேன். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். பக்கத்தில் இருக்கிற ஆளே மறந்துபோகிறதென்றால்? அந்தப் பேத்தியின் அம்மா கல்யாணத்துக்கு நான் போயிருக்கிறேன், மேடம். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால். சம்பந்தி வீட்டுப் பந்தியில் நாற்பது இலைக்கு அப்பளம் வரவில்லை. நான் எண்ணிப் பார்த்து மாப்பிள்ளையின் அப்பாவிடமே போய்ச் சொன்னேன். இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்தே இருக்காது. அவ்வளவு ஒத்தாசை செய்த ஆளையே மறந்துவிட்டார்.

இரண்டாவது ஞானதிரவியம். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்தார். எல்லார் இலையிலும் ஒரு துண்டு வைத்தார், என் இலைக்கு வரவில்லை. எனக்கு வேண்டவும் வேண்டாம். போன வருஷம் அவர் கொண்டுவந்த கேக்கில் ஐந்து எண் இருந்தது. அவர் பேரப்பிள்ளைகள் இரண்டும் சுற்றி நின்றபோது அட்டைப்பெட்டியைத் திருப்பி ஐந்தையும் உரக்கப் படித்துக் காட்டினேன். சின்னது அழ ஆரம்பித்துவிட்டது. பயம் இருக்கவேண்டியதுதானே? நல்ல காரியம் செய்தேன். அதையும் மறந்துவிட்டார் போலிருக்கிறது.

மாவு மில்காரர்கள் போன் நம்பரை மாற்றினார்கள். ஐந்து பேருக்குச் சொன்னார்கள். நான் ஆறாவது.

இதெல்லாம் சில்லறை. தை மாதம் கன்னியாகுமரிக்குப் போனார்கள் பாருங்கள், அதுதான் பெரிது. இந்த ஆறு பேரும், ஒரு வண்டி பிடித்து. எனக்குத் தகவலே இல்லை. அன்றைக்கு மதியம் நான் வந்து உட்காருகிறேன், ஒருத்தரும் இல்லை. பேச்சிதான் சொன்னாள். மறுநாள் அந்த வண்டிக்காரனைத் தேடிப் போய் விசாரித்தேன். டிரைவரைச் சேர்க்காமல் ஏழு சீட். ஆறு பேர். ஒரு சீட் காலியாகவே கன்னியாகுமரி வரைக்கும் போய், காலியாகவே திரும்பி வந்திருக்கிறது. காலி சீட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போகும்போதுகூட ஞாபகம் வரவில்லை என்றால் அந்த மூளை எந்த நிலைமையில் இருக்கவேண்டும்? ஒருத்தன் மறக்கலாம். ஆறு பேர் ஒரே நாளில் ஒரே விஷயத்தை மறக்க முடியுமா? முடியாது. எல்லார் வயிற்றுக்குள்ளும் ஒரே பொருள் போயிருந்தால்தான் முடியும். அப்படி ஒரே பொருள் எது? இந்தக் குழம்பு.

அப்புறம்தான் அடுப்படியை எட்டிப் பார்த்தேன். மேல் தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பொடி, வெள்ளையாக, ஊசி ஊசியாக.

உலகம்மாளிடம் அதைக் கேட்பதற்கு எனக்குப் பதினோரு நாள் ஆனது. பெண்பிள்ளையிடம் போய் எப்படி ஆரம்பிப்பது? கடைசியில் ஒருநாள் எல்லாரும் போன பிறகு டம்ளரைக் கொடுக்கிற மாதிரிப் போய் நின்றேன்.

"என்ன அண்ணாச்சி, மோர் வேணுமா?"

"அந்த டப்பாவில் என்ன?"

"எந்த டப்பா? ஓ, அதுவா. அஜினமோட்டோ. ஞாயித்துக்கெழம கோழிக்கொழம்புல ஒரு சிட்டிக போடுவேன். ராஜா அண்ணாச்சிக்கு அது இல்லாட்டி ருசி இல்லையாம். என்னைக்காவது ரசத்துலயும் போடுவேன். ஏன்?"

"மறதி வரும்."

"யாருக்கு?"

நான் நோட்டைக் காட்டினேன். அதுவரை எழுதியதைப் படித்தாள். அவளும் எட்டாவதுதான், ஆனால் வேகமாகப் படிப்பாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"அண்ணாச்சி, இது பொடியால இல்ல."

"பின்னே எதனால்?"

முந்தானையில் கையைத் துடைத்தாள், டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நீங்களே வச்சுக்கோங்க. ஒரு மண்டலத்துக்கு நான் போடல. அதுக்கப்புறமாவது மனசு சமாதானமாகுதான்னு பாருங்க."

சமாதானம் யார் கேட்டது? நான் கேட்டது கணக்கு. ஆனால் யோசனை நல்ல யோசனை. நாற்பத்தெட்டு நாள் பொடி போட்டதற்குக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. மார்கழி ஒன்று முதல் தை பத்தொன்பது வரை. அடுத்த நாற்பத்தெட்டு நாள் பொடி இல்லாமல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். எந்த டாக்டரும் இப்படிச் செய்திருக்க மாட்டான். டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகிற வழியில் மளிகைக்கடைத் தராசில் நிறுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு கிராம். கட்டிலுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் போதாது என்று, தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவரிடமும் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "முந்தாநாள் என்ன கூட்டு?" அவ்வளவுதான். எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா, ஆறு பேர் முன்னால் போய் நிற்பது? முதல் நாள் சுவரைப் பார்த்தே கேட்டேன். இரண்டாம் வாரத்தில் பழகிவிட்டது. இன்னும் சொன்னால், மதியம் எப்போது வரும் என்று இருந்தது.

முதல் நான்கு நாள் ஒழுங்காகச் சொன்னார்கள். புடலங்காய், பூசணிக்காய் என்று. அப்புறம் விளையாட்டுக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ராஜா சொல்கிறார், "முந்தாநாளா? யானைக்கறிக் கூட்டு. தும்பிக்கைப் பக்கம் எனக்குத்தான் வந்துச்சு." எல்லாரும் சிரிக்கிறார்கள். காஜா மைதீன் சொல்கிறார், "அண்ணாச்சி, முந்தாநாள் தின்னது ஞாபகம் இருந்தா நான் எதுக்கு இன்னைக்கும் இங்க வரப்போறேன்?" அதற்கு உலகம்மாளும் சிரிக்கிறாள், தன் சமையலைத்தான் சொல்கிறார் என்றுகூடத் தெரியாமல். நமச்சிவாயம் மட்டும் சிரிக்கவில்லை. "இதுக்கு முத்திரைத்தாள் வாங்கிட்டு வாங்க, எழுதித் தாறேன்" என்றார். படித்த மனுஷர்.

விளையாட்டுப் பதிலை நான் கணக்கில் சேர்க்கவில்லை, மேடம். அதைக் கவனிக்கவேண்டும். பழுதான கோனை மூட்டையில் போடமாட்டோம், தனியே ஒதுக்குவோம். அந்தக் கேள்வி பதில் அத்தனையையும் ஒதுக்கிவிட்டேன். இந்த அறுபத்தொன்றில் அது ஒன்றுகூடக் கிடையாது. தானாக நடந்த மறதி மட்டும்தான் இது.

மாசிக் கடைசியில் நிலைமை முற்றிவிட்டது. பன்னிரண்டரைக்குச் சாப்பிட வருகிறவர்கள், பதினைந்து இருபது வருஷமாக அதே நேரத்துக்கு வருகிறவர்கள், திடீரென்று வரவில்லை. நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். ஒன்றரைக்கு வந்தார்களாம். சரி என்று மறுநாள் நான் ஒன்றரைக்கு வருகிறேன். அன்றைக்குப் பன்னிரண்டரைக்கே வந்து போய்விட்டார்களாம். நான் பன்னிரண்டரைக்கு வந்தால் அவர்கள் ஒன்றரை. நான் ஒன்றரைக்கு வந்தால் அவர்கள் பன்னிரண்டரை. ஒன்பது நாள் இப்படி. மனுஷனுக்குப் பசிக்கிற நேரமே மறந்துபோகிறதென்றால் அதற்குமேல் என்ன இருக்கிறது?

உலகம்மாள் அப்போது ஒருதடவை சொன்னாள். "அண்ணாச்சி, அவங்ககிட்ட எதையும் கேக்காதீங்க. சும்மா பக்கத்துல போய் உக்காந்து சாப்பிடுங்க. போதும். இல்லாட்டி ஒவ்வொருத்தரா வேற எடம் பாத்துருவாங்க. எனக்கு இருக்கறதே இந்த ஆறு அட்டதான்." மாதச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இவள் ஒரு அட்டை கொடுப்பாள், அதைச் சொல்கிறாள். என் அட்டையோடு ஏழு. ஆறு என்கிறாள். பார்த்தீர்களா, அவளுக்கும் தொற்றிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அவளுக்கு மறதி கிடையாது. யாருக்கு எந்தக் காய் ஆகாது, யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பல் இல்லை, எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறாள். எப்படி? எல்லாரும் போன பிறகு அவள் தனியாக உட்கார்ந்து பழைய சோறும் மோரும்தான் சாப்பிடுகிறாள். குழம்பைத் தொடுவதில்லை. எதற்காகத் தொடவில்லை? நான் கேட்டேன். "மிஞ்சினா தொடமாட்டேனா அண்ணாச்சி?" என்கிறாள். இந்தச் சாமர்த்தியமெல்லாம் என்னிடம் செல்லாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மண்டலம் முடிந்தது. டப்பாவைத் திரும்ப நிறுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. ஒரு கிராம் குறையவில்லை. கொண்டுவந்து உலகம்மாளிடம் ஒப்படைத்தேன். அன்றைக்குக் கோழிக்குழம்பு, பழைய ருசியில், எல்லாரும் ஒன்றாக வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். வந்தார்கள். ஒன்பது நாளுக்குப் பிறகு ஆறு பேரையும் ஒரே இடத்தில் பார்த்தேன். இலை போட்டாயிற்று. இதுதான் சமயம் என்று நான் எழுந்து நின்றேன். அறுபத்தெட்டு வயதில் முதல்தடவையாக நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசினேன், மேடம். எனக்கே குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

"பொடி போட்ட நாற்பத்தெட்டு நாளில் இருபத்து மூன்று மறதி" என்றேன். "பொடி போடாத நாற்பத்தெட்டு நாளில் முப்பத்தெட்டு மறதி. கூட்டினால் அறுபத்தொன்று."

லட்சுமணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ பொடிய நிறுத்துனதாலதான் மறதி கூடிருக்கு. உலகு, எனக்கு ஒரு டம்ளர்ல கரைச்சுக் கொடு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்பு அடங்குகிறவரை நின்றேன். பிறகு சொன்னேன், "அதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, பழைய பொடி இன்னும் மூளையை விட்டு இறங்கவில்லை. இல்லையென்றால் உலகம்மாள் எனக்குத் தெரியாமல் வேறு டப்பா வாங்கிப் போட்டிருக்கிறாள்." இதில் என்ன தப்பு? கணக்கு அப்படித்தானே சொல்கிறது?

கரண்டியோடு நின்றிருந்த உலகம்மாள் கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகுதான் ராஜா எழுந்தார். எச்சில் கையோடு எழுந்தார்.

"யோவ் தலைமலை. அந்தப் பொம்பளயச் சொல்லாத. சொல்றதுன்னா என்னைச் சொல்லு. எங்க யாருக்கும் ஒண்ணும் மறக்கலய்யா. இருவத்தினாலு வருசத்துக்கு முன்னாடி எம் மக கல்யாணத்துல நீ அப்பளம் எண்ணுனது வரைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கு. எஞ் சம்பந்திகிட்ட எம் மானம் போனது ஞாபகம் இருக்கு. ஒன்ன மறக்கணும்னுதான்யா பாக்கறோம். முடியல!"

முடியலை என்றார். நன்றாகக் கவனியுங்கள். மறக்கவேண்டும் என்று ஒருத்தர் முயற்சி செய்து, அதுகூட அவரால் முடியாத அளவுக்கு மூளை போய்விட்டது. பழசு அப்பளம் வரை ஞாபகம் இருக்கிறது, புதுசு நிற்கவில்லை. அந்த டாக்டர் சொன்ன அடையாளமே இதுதான். தனக்கு மறதி இருப்பது மறதிக்காரனுக்குத் தெரியாது என்றும் சொன்னார். எல்லாம் சரியாக வந்துவிட்டது பாருங்கள்.

ஆறு பேரும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார்கள். ராமர் வாசலில் நின்று உலகம்மாளிடம் சொன்னார், "இந்த ஆள நிறுத்து. அப்புறம் நாங்க வர்றோம்." உலகம்மாள் உள்ளே இருந்தபடியே சொன்னாள், எனக்குக் கேட்டது: "நீங்க ஆறு பேரும் நாளைக்கே வேற எடத்துல சாப்பிட்டுக்கிருவீங்க. அவரு எங்க போவாரு?"

எங்கே போவேன் என்கிறாள். நான் போனால் இவள் செய்வதை எண்ணிப் பார்க்க ஆள் இருக்காதே, போகட்டும் என்று விடவேண்டியதுதானே? ஏன் விடவில்லை? அதில் ஏதோ இருக்கிறது. அதை நினைத்து நினைத்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. திங்கட்கிழமை உட்கார்ந்து மனுவை எழுதினேன். செவ்வாய், புதன், இன்றைக்கு வியாழன், மூன்று நாளாக ஆறு பேரில் ஒருத்தர்கூட வரவில்லை. நான் மட்டும் வந்தேன். சின்னச் சட்டி அடுப்பில்தான் இருக்கிறது.

கேளுங்கள், மேடம். நோட்டை வைத்துக்கொண்டு இவ்வளவு நேரமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதாவது, யார் மறந்தார்கள் என்று கேட்கவில்லை, எதை மறந்தார்கள் என்று கேட்கிறீர்கள். மூளை கெட்டு மறதி வந்தால் எல்லாம்தானே மறக்கும், சாவி, செருப்பு, கண்ணாடி, போகிற வழி, அதெல்லாம் எங்கே என்று கேட்கிறீர்கள். இந்த அறுபத்தொன்றில் என்னைப் பற்றியதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை எண்ணச் சொல்கிறீர்கள்.

எதற்கு? என்னைப் பற்றியது என்றால் அது மறதி இல்லையா?

சரி. ஒதுக்கி எண்ணுவது எனக்குத் தெரியாத வேலையா? முப்பத்து மூன்று வருஷம் அதைத்தானே செய்தேன். பென்சிலை எடுங்கள். நான் படிக்கிறேன், நீங்கள் அடியுங்கள். எண்ணுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பேச்சு மாறக் கூடாது. பத்து, பத்துக்கு மேல் நின்றால் நோட்டீஸை ஒட்டுங்கள். பத்துக்குக் குறைந்தால் மனுவை என் கையாலேயே கிழித்துப் போடுகிறேன். ஏழு பக்கத்தையும். உலகம்மாளுக்கும் கேட்கட்டும்.

கல்யாணப் பத்திரிகை. என்னைப் பற்றியது, அடியுங்கள். ஒன்று. கேக், இரண்டு. போன் நம்பர், மூன்று. கன்னியாகுமரி, ஆளுக்கொன்றாக ஆறு. எல்லாவற்றையும் அடியுங்கள். ஒன்பது.

வணக்கம் சொன்னேன், பதில் சொல்ல மறந்தார்கள். இது பதினான்கு இருக்கிறது. ஒவ்வொன்றாகப் படிக்கவா? வேண்டாம் என்றால் சரி. இருபத்து மூன்று.

காஜா மைதீன் பேரன் பிறந்ததற்குப் பிரியாணி கொண்டுவந்தார். நான் வந்தபோது வாளி காலி. இருபத்து நான்கு. நேரம் மாறி வந்தது ஒன்பது நாள். முப்பத்து மூன்று. பேப்பர் படித்துவிட்டுக் கைமாற்றிக்கொண்டே வருவார்கள், எனக்கு முந்தின ஆளோடு நின்றுவிடும். பன்னிரண்டு நாள். நாற்பத்தைந்து. பெஞ்சில் எனக்குப் பக்கத்து இடத்தை விட்டுவிட்டு நெருக்கியடித்து உட்கார்ந்தது. அங்கே இடம் இருப்பதே மறந்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன். பதினொன்று. ஐம்பத்தாறு. பேர் மறந்து 'அந்த ஆளு' என்று சொன்னது, மூன்று. ராமர் வாசலில் சொன்னது கணக்கு முடிந்த பிறகு, அது இதில் சேராது.

ஐம்பத்தொன்பது.

ஏன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டீர்கள்? இன்னும் முடியவில்லை, மேடம். பாதியில் நிறுத்துவது கணக்கில்லை.

மாசி பதினொன்று, காலமில்லாத மழை. ராஜா குடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அது அவர் குடை, என்னைப் பற்றியது இல்லை. நிற்கட்டும். பங்குனி மூன்று, ரசத்தில் உப்பில்லை. உலகம்மாள் மறந்துவிட்டாள். அதுவும் நிற்கட்டும். வேறு இல்லை. பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், இல்லை.

அறுபத்தொன்றில் ஐம்பத்தொன்பது போனால், இரண்டு.